காட்மிய வயலின் விஜயகதை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதைக்கு மூலம் ஒரு துண்டுப் பிரசுரம். அதையும் எழுதியவள் நான்தான். எண்ணூறு சொல், வழவழப்பான தாள், நடுப்பக்கத்தில் வண்ணப்படம். அதில் ஒரு வரி பொய். அந்த ஒரு வரியைத் திரும்ப வாங்குவதற்குத்தான் இப்போது இத்தனை பக்கம் எழுதுகிறேன். பொய் சொல்லும்போது மட்டும் எவ்வளவு சிக்கனமாக இருக்க முடிகிறது, பாருங்கள்.

என் பெயர் பாகீரதி. கல்பாத்தியில் பிறந்து, பாலக்காட்டில் ஒரு வங்கியில் முப்பத்து மூன்று வருஷம் உட்கார்ந்து எழுந்தவள். இரண்டு கதைத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. இரண்டாவது தொகுப்பின் பிரதிகள் கட்டிலுக்கு அடியில் சௌக்கியமாக இருக்கின்றன. என் அண்ணா பிள்ளை ஹரிநாராயணன் விஞ்ஞானி. அவன் ஒருநாள் ஃபோன் செய்தான்.

“அத்தை, ஒரு உபகாரம் பண்ணணும். நம்ம நானோ ப்ராஜெக்ட் முடியப் போறதோல்லியோ, ஒரு விஜயகதை வேணும். எண்ணூறு வார்த்தை போரும்.”

“அதுக்கு என்னண்டை ஏண்டா வரே?”

“அத்தையோட புஸ்தகத்தை நான் படிச்சிருக்கேனாக்கும்.”

அவ்வளவுதான், விழுந்துவிட்டேன். எந்தக் கதை பிடித்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே தப்பித்திருப்பேன். கேட்கவில்லை. பாராட்டைத் தட்டிப் பார்த்து வாங்கும் தைரியம் எந்த எழுத்தாளருக்கு இருக்கிறது?

(கேரளத்துக்கு வெளியே இருக்கும் வாசகருக்கு: இங்கே எந்தத் திட்டமும் தொடங்கும்போது உத்காடனம் என்ற திறப்பு விழா நடக்கும்; முடியும்போது விஜயகதை என்ற வெற்றிக் கதை வரும். நடுவில் என்ன நடந்தது என்று கேட்பது மரியாதைக் குறைவு.)

2

பிரசுரத்துக்கு மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். மூன்றையும் அடித்தேன். அடித்ததை மறைப்பானேன், இதோ:

அ. “கிழக்கே சூரியன் உதித்தபோது மயிலாத்தாளின் வயல் பச்சைக் கம்பளமாக…” (சூரியன் வேறு எந்தப் பக்கம் உதிக்கும்? அடித்தேன்.)

ஆ. “ஒரு தலைமுடியின் தடிமனில் ஆயிரம் நானோ துகள்களை வரிசையாக நிறுத்தலாம்…” (நிறுத்தி என்ன செய்ய? அடித்தேன்.)

இ. “நஞ்சை உண்டு அமுதைத் தந்த…” (இது ஹரிக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அந்தக் காரணத்துக்காகவே அடித்தேன்.)

விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி ஒரு ஊர். பெயர் வேண்டாம். அங்கே பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் பட்டறை ஒன்று இருந்தது. அது மூடி ஆறு வருஷம் ஆகிறது. முதலாளி போய்விட்டார், காட்மியம் என்ற நச்சு உலோகம் போகவில்லை. வாய்க்கால் வழியாக வயலுக்குள் வந்து குடியேறிவிட்டது. நெல் மஞ்சளித்து, முழங்கால் உயரம்கூட வராமல் நின்றது. ஹரியின் கோஷ்டி வந்து, துத்தநாகத்தை நானோ துகளாக்கித் தண்ணீரில் கலந்து இலையில் தெளித்தால் பயிர் காட்மியத்தைத் தாங்கிக்கொண்டு வளரும் என்றார்கள்.

இது புருடா இல்லை. பல இடங்களில் செய்து பார்த்திருக்கிறார்கள். பயிர் தெளிந்து நிற்கிறது. சில இடங்களில் நெல்மணிக்குள் போகும் காட்மியமும் குறைகிறது. சில இடங்களில் அவ்வளவாகக் குறைவதில்லை. மண்ணைப் பொறுத்தது, தண்ணீரைப் பொறுத்தது. ஆகவே நானோவை நான் கேலி செய்வதாக நினைக்காதீர்கள். கேலிக்கு எனக்கு மனிதர்களே போதும், அதிலும் குறிப்பாக என் குடும்பத்து மனிதர்கள்.

3

மயிலாத்தாளைப் பார்க்கப் போனேன். ஐம்பத்திரண்டு வயது. சேலைக்கு மேலே புருஷனின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. என் கண்ணாடியைப் பார்த்ததும் எனக்கு டீச்சர் பட்டம் கொடுத்துவிட்டாள். எங்கள் பக்கம் கண்ணாடி போட்ட பெண்கள் எல்லோரும் டீச்சர்தான்.

“ஏனுங் டீச்சர், காயிதத்துல எழுதறதுக்கா வந்தீங்க? என்ற பேரப் போட்டுறாதீங்கொ. இந்த வயலு நெல்லுன்னு தெரிஞ்சா ஒருத்தனும் தொட மாட்டான்.”

அதனால் மயிலாத்தாள் என்பது நான் வைத்த பெயர். (பெயரை நான் மாற்றினேன். ஹரி அவளுடைய படத்தை நடுப்பக்கத்தில் அரைப்பக்க அளவுக்குப் போட்டுவிட்டான்.)

கதாபாத்திரமாக அவள் கொஞ்சமும் ஒத்துழைக்கவில்லை. கண்ணீர் ஒரு சொட்டாவது வேண்டும் என்று ஹரி சொல்லி அனுப்பியிருந்தான். அவள் எனக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்துத் தென்னை நிழலில் உட்காரச் சொல்லிவிட்டு, பாக்கிக் களையைப் பிடுங்கப் போய்விட்டாள். நிழலில் ஏற்கெனவே பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் புருஷன் ஆறுச்சாமி இருந்தார். சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறது, கோயமுத்தூரில் வைத்தியம். மனிதருக்கு அதைப் பற்றிக்கூட அவ்வளவு வருத்தமில்லை. ஆறு வருஷமாக ரேசன் அரிசி சாப்பிடுகிறார், அதுதான் வருத்தம்.

“என்னோட மட்டை அரிசி உருண்டையா, செவசெவன்னு இருக்குமுங். சோறு வேகறப்பவே வாசலுக்கு வாசம் வரும். இப்பத் திங்கறது சோறுங்களா?” என்றார். “பாருங், கதிரு எப்படித் தலையச் சாச்சுட்டு நிக்குது. திங்கக் கூடாதுங்கறா இவ.”

மயிலாத்தாள் களையோடு வந்து நின்றாள். “நான் கூடாதுங்கலீங். தெரியலீங்கறேன். டீச்சர், நீங்க படிச்சவீங்க. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதானுங். இந்த அரிசிய ஒலையில போடலாமா, கூடாதுங்களா? அந்த காட்மியம் ஒடம்புக்குள்ள போனா கிட்னீலதான் போயி உக்காருமுன்னு ஆசுபத்திரீல சொன்னாங்கொ. இவருகிட்ட இருக்கறது பாதிக் கிட்னி. அதையும் நானே சோறாக்கிப் போட்டுக் கெடுத்தர்றதுங்களா?”

“ஹரியண்டை கேட்டுச் சொல்றேன்” என்றேன். இந்த மூன்று சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

4

வயலில் இரண்டு பாத்திகள். சிவப்புக் கொடி நட்டதில் மருந்து தெளிக்க வேண்டும். வெள்ளைக் கொடி நட்டதில் ஒரு சொட்டும் படக் கூடாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மருந்து வேலை செய்ததா என்று தெரியும். ஹரி அதைக் கன்ட்ரோல் என்றான். மயிலாத்தாள் அதற்குப் ‘பட்டினிப் பாத்தி’ என்று பெயர் வைத்திருந்தாள். வாரம் ஒருமுறை தெளிக்கும் பொறுப்பு அவளுடையது.

எனக்கு விவசாயம் தெரியாது. ஆனால் கண் தெரியும். பட்டினிப் பாத்தியும் கொழுகொழுவென்று நின்றது. “இது எப்படி?” என்றேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து வரப்பு ஓரமாக இழுத்தாள்.

“சாருகிட்டச் சொல்லீறாதீங்கொ. தெளிச்சு முடிச்சா டப்பாவுல அடியில கொஞ்சம் நிக்குமுங். அதக் கீழ ஊத்தீரச் சொன்னாரு. மனசு வருதுங்களா? அந்தப் பாத்தி மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு என்னையே பாத்துட்டு நிக்குது. ஒரே பந்தியில உக்கார வெச்சு, ஒருத்தனுக்கு எலையப் போட்டு இன்னொருத்தனுக்குப் போடாம உடற பழக்கம் எங்கூட்டுல இல்லீங். அதுக்கும் ரெண்டு வீசு வீசி உட்டுட்டேன்.”

“எத்தனை தடவை?”

“எல்லா வாரமுந்தானுங்.”

மோசடியால் கெட்டுப்போன ஆராய்ச்சிகளைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். பாவம் பார்த்துக் கெட்ட ஆராய்ச்சியை அன்றைக்குத்தான் பார்த்தேன். வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்த கையோடு, ஆகா, கடைசியில் கதாபாத்திரம் கிடைத்துவிட்டது என்று குறிப்பேட்டை எடுத்தேன். மருந்து வேலை செய்ததா என்று சொல்ல இருந்த ஒரே வழியும் அந்த டப்பாவின் அடித்தண்ணீரில் போய்விட்டது என்பது எனக்கு உடனே உறைக்கவில்லை. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

5

ஹரியிடம் சொல்லிவிட்டேன். சொல்லக் கூடாது என்றுதான் அவள் கேட்டுக்கொண்டாள். எழுத்தாளரிடம் இரகசியம் சொன்னது அவள் தப்பு. ஃபோனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பிறகு சொன்னான்:

“சாரமில்லை அத்தை.”

(பரவாயில்லை என்பதற்கு எங்கள் பாலக்காட்டுப் பேச்சு. காப்பி கொட்டினாலும் சாரமில்லை, கல்யாணம் நின்றாலும் சாரமில்லை.)

“அதெப்படிடா? ரெண்டும் ஒண்ணாயிடுத்தே?”

“போன வருஷத்து வயல் ஃபோட்டோ இருக்கு. மஞ்சளா, பாவமா இருக்கும். அதைக் கன்ட்ரோலா வெச்சுண்டாப் போச்சு.”

போன வருஷம் மழையும் தப்பியிருந்தது. அது வேறு விஷயமாம். வெள்ளைக் கொடி மறுநாளே காணாமல் போயிற்று. பயிரின் சகிப்புத் திறன் 41 சதவீதம் உயர்ந்ததாக அறிக்கை வந்தது. நாற்பது என்று எழுதினால் குத்துமதிப்பு என்று தோன்றும். நாற்பத்தொன்று என்றால் யாரோ அளந்திருக்கிறார்கள் என்று ஒரு நம்பிக்கை வரத்தான் செய்கிறது.

“சரி, அந்த அரிசியைச் சாப்பிடலாமோ?” என்று கேட்டேன்.

“நம்ம தலைப்பு என்ன அத்தை? பயிர் தாங்கறதா இல்லையா. வேரைப் பார்த்தோம், இலையைப் பார்த்தோம், உயரம் அளந்தோம்.”

“நெல்லை?”

“ஒரு கதிருக்கு எத்தனை மணின்னு எண்ணியாச்சே.”

“மணிக்குள்ளே என்ன இருக்குன்னு?”

“அது அடுத்த ப்ராஜெக்டாக்கும். இன்னும் ரெண்டு ஊரையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கேன்.”

ஒரு கைப்பிடி அரிசியைப் பொட்டலம் கட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினால் தெரிந்துவிடும். பெரிய காரியமில்லை. ஆனால் முடிவு ஏடாகூடமாக வந்தால் விஜயகதை என்ன ஆவது? கேட்டால்தானே பதில் வரும். கேட்காமல் இருந்துவிட்டார்கள்.

* அடிக்குறிப்பு: ஹரி கெட்டவனா? இல்லை. மாதம் தவறாமல் அம்மாவைக் குருவாயூருக்குக் கூட்டிப் போகிறான். மயிலாத்தாளை அம்மா என்றுதான் கூப்பிடுகிறான். இந்தக் கதைக்குக் கெட்டவன் ஒருவன் கிடைத்திருந்தால் என் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

* இன்னொன்று: அந்தப் பொட்டலத்தை நானே கட்டி அனுப்பியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நினைப்பீர்கள் என்று தெரியும். அடுத்த பகுதிக்குப் போவோம்.

6

பிரசுரம் எழுநூற்றுத் தொண்ணூறு சொல்வரை ஓடிவிட்டது. கடைசி வாக்கியம்தான் வரவில்லை. ‘ஆக, அறிவியலும் உழைப்பும் கைகோத்தால்…’ (சீ.) ‘இனி இந்த வயல்…’ (இனி என்ன?) ‘மயிலாத்தாள் ஒரு கேள்வி கேட்டாள்…’ (இதை எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் ஹரி வெட்டியிருப்பான். அவன் வெட்டுவதற்கு முன்பு நானே வெட்டினேன்.) பிறகு தானாக வந்தது:

“ஆறு வருஷத்துக்குப் பிறகு, தன் வயலில் விளைந்த அரிசியைத் தன் கணவருக்கு இன்று பரிமாறுகிறாள் மயிலாத்தாள்.”

அவள் பரிமாறவில்லை. நெல் மூட்டை வீட்டு மூலையில் அப்படியே கிடந்தது. பின்னே ஏன் எழுதினாய் என்றால், ஓசை நன்றாக இருந்தது. வேறு காரணம் கிடையாது. ‘பரிமாறுகிறாள்’ என்று வந்து விழுந்தபோது எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒரு காப்பி கலந்து குடித்தேன்.

தமிழிலும் மலையாளத்திலும் அச்சடித்தார்கள். பஞ்சாயத்து மெம்பர் ஆனந்தகுமார் படித்துவிட்டுக் கண் கலங்கினாராம். அடுத்த வாரம் நடக்க இருந்த நிறைவு விழாவுக்கு அவர்தான் பொறுப்பு. எனக்கு ஃபோன் செய்தார்.

“டீச்சர், கடைசி வரி இருக்குதுங்களே, அடடா! அதே அரிசியில எல்லாத்துக்கும் ஊணு போட்டர்லாமுன்னு முடிவு பண்ணீட்டனுங். நீங்க எழுதுனதக் கண்ணு முன்னால பாக்கோணும். அந்தம்மாகிட்டச் சொல்லீட்டேன், நெல்லு அரைக்கக் குடுத்தாச்சு.”

அது கற்பனை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். “ரொம்ப சந்தோஷம்” என்றேன். வாய் தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

7

வயலை ஒட்டிய களத்தில் பந்தல். பேச்சுகள் முடிந்து இலை போட்டார்கள். முதல் வரிசையில் ஹரி, அவனுடைய மேலதிகாரி, கிருஷிபவன் என்ற வேளாண் அலுவலகத்திலிருந்து சுஷ்மா, பிறகு நான். வரிசையின் கடைசியில் வெள்ளைச் சட்டையும் திருநீறுமாக ஆறுச்சாமி. மயிலாத்தாள்தான் பரிமாறினாள். சிவந்த சோறு, ஆவி பறந்தது. வாசம் களம் முழுக்க நின்றது, ஆறுச்சாமி பொய் சொல்லவில்லை.

அந்தப் பக்கத்து வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. வந்தவர்கள் முதல் வாய் வைக்காமல் வீட்டுக்காரர்கள் சோற்றைத் தொட மாட்டார்கள். ஆறுச்சாமி கையை மடியில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மயிலாத்தாளும் கரண்டியோடு நின்று எங்களைத்தான் பார்த்தாள். அவள் சும்மா பார்க்கவில்லை என்பது எனக்கு இப்போது தெரிகிறது. விஷயம் தெரிந்தவர்கள் சாப்பிடுகிறார்களா என்று பார்த்தாள்.

மேலதிகாரி, “சுகர்” என்று சோற்றை ஒதுக்கிவிட்டு முட்டைக்கோஸ் பொரியலை ரசித்துச் சாப்பிட்டார். ஆனந்தகுமார், “மொதல்ல விருந்தாளிங்க சாப்புடட்டுங்” என்று பந்தல் முழுக்க ஓடினார். சுஷ்மா இரண்டு கையாலும் செல்ஃபோனைப் பிடித்து வீடியோ எடுத்தாள். ஹரியைப் பார்த்தேன்.

“இன்னிக்கு ஏகாதசி அத்தை.”

“ஏகாதசிக்கு இலை முன்னாடி ஏண்டா உக்காந்தே?”

“ஃபோட்டோவுக்கு.”

* அன்றைக்குச் சதுர்த்தசி. வீட்டுக்குப் போய்ப் பஞ்சாங்கம் பார்த்தேன்.

நானா? நான் பிசைந்தேன். சாம்பார் விட்டு, நன்றாக, பொறுமையாக, ஒரு பருக்கை விடாமல் பிசைந்துகொண்டே இருந்தேன். ஹரியைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. மயிலாத்தாள் என் இலைக்கு முன்னால் வந்து குனிந்தாள்.

“ஏனுங் டீச்சர், கேட்டுச் சொல்றேன்னீங்க. ஒண்ணுஞ் சொல்லலீங். அப்பறம் அந்த புஸ்தகம் வந்துது, இவரு படிச்சுக் காட்டுனாரு. நான் பரிமாறறேன்னு போட்டிருக்குது. அப்பக் கேட்டுட்டுத்தான எழுதியிருப்பீங்க?”

8

இந்த இடத்தில் கதைக்கு மூன்று முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

நிறுவனத்துக்கு: எல்லோரும் வயிறார உண்டார்கள். (பரிசு கிடைக்கும்.)

பத்திரிகைக்கு: நான் இலையை மடித்துவிட்டு எழுந்து நின்று உண்மையை உரக்கச் சொன்னேன். ஹரி தலைகுனிந்தான். (கைதட்டல் கிடைக்கும். எழுந்திருக்க எனக்கு முழங்கால் வலி.)

தத்துவப் பிரியர்களுக்கு: பயிர் தாங்கியது, மண் தாங்கியது, மனிதனும்… (அடித்துவிட்டேன். தாங்குவதைப் பற்றி அழகாக எழுதுகிறவர்கள் யாரும் எதையும் தாங்குகிறவர்கள் இல்லை.)

நடந்தது இது. “அது வந்து, மயிலாத்தா…” என்று நான் இழுத்தேன். அந்த நேரம் பார்த்து சுஷ்மா, “டீச்சரே, இங்கோட்டு ஒண்ணு நோக்கியே” என்று மலையாளத்தில், இந்தப் பக்கம் பார்க்கும்படி செல்ஃபோனை நீட்டிக் கூப்பிட்டாள். படம் என்றதும் என் கை ஒரு கவளத்தை எடுத்து வாய்ப்பக்கம் தூக்கிவிட்டது. சத்தியமாக நான் தூக்கவில்லை, கை தூக்கிற்று. சிரித்தேன்கூட.

வரிசைக் கோடியிலிருந்த ஆறுச்சாமிக்கு அது போதுமாக இருந்தது. விருந்தாளி கை வைத்தாயிற்று. அவர் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார். சாம்பார்கூட விடவில்லை. வெறும் சோற்றை அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. “இதுதான் சோறு. இதுதாஞ் சோறு” என்று பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார். இலை காலியாயிற்று. நிமிர்ந்து, பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி, “இன்னொரு கை போடு புள்ள” என்றார்.

மயிலாத்தாள் அவர் பக்கம் திரும்பவில்லை. சோற்றுக் கரண்டி கையில் இருக்க, குனிந்தபடியே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கவளம் உள்ளே போகவில்லை என்பதை அந்தப் பந்தலில் அவள் ஒருத்திதான் கவனித்தாள்.

நான் என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். எழுதினாலும் நம்பாதீர்கள். என் வரியை நம்பியவர் அங்கே இலையை முன்னால் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் இவ்வளவு தூரம் படித்திருக்கிறீர்கள், எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும், உங்களுக்கு ஏகாதசியும் இல்லை. அவள் நிற்கிறாள். அவர் இரண்டாம் தடவையாகக் கேட்கிறார்.

சொல்லுங்கள். போடட்டுமா, வேண்டாமா?